கிணற்றுக்குக் கட்டா, மூடியா, வேலியா? சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் நடைபழகும் பிள்ளை உள்ள வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். பெரும்பாலும் புரட்டாதி முடிந்து முதல் மழை விழுந்து, கிணற்றுத் தண்ணீர் மேலே வரத் தொடங்கும்போது எழும். கையில் இருக்கும் காசுக்குக் கிணற்றுக்கட்டை உயர்த்துவதா, இரும்பு மூடி அடிப்பதா, சுற்றி வேலியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதா? மேசனைக் கேட்டால் கட்டு என்பார். இரும்பு ஒட்டுபவரைக் கேட்டால் மூடி என்பார். மாமியாரைக் கேட்டால், “நாங்கள் ஆறு பிள்ளையை இதே கிணற்றடியில்தான் வளர்த்தோம், பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தால் போதும்” என்பார். ஒவ்வொருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் மாரியும் கழிந்துபோகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை. கடலும் ஆறும்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த வயதுப் பிள்ளை தானாகக் கடலுக்குப் போவதில்லை. அடுப்படியிலிருந்து இருபது அடி தள்ளி இருக்கும் தண்ணீருக்குத்தான் போகிறது. வன்னி வளவில் அந்தத் தண்ணீர் கிணறு.

## எதை வைத்து அளப்பது

செலவைக் கடைசியில் பார்ப்போம். முதலில் பார்க்க வேண்டியது மறதி. வீட்டில் உள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரு கால் மணி நேரம் மறந்துபோனாலும் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யுமா? கட்டு மறதியைப் பொறுத்துக்கொள்ளும். மூடி, யாராவது மூடினால்தான் மூடி. ஆள் பார்ப்பதற்கோ மறதி என்பதே ஆகாது.

இரண்டாவது, தண்ணீர் அள்ளும் வேலைக்கு அது எவ்வளவு இடைஞ்சல் தருகிறது என்பது. நாளுக்கு முப்பது, நாற்பது வாளி அள்ளும் வீட்டில், அள்ளுபவளுக்குத் தொல்லை தரும் எந்த ஏற்பாடும் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிணற்றுப் பாதுகாப்புத் தோற்றுப்போகும் வீடுகளில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது.

மூன்றாவது பிள்ளையின் வயது. இரண்டு வயதுக்கு உதவுவது எட்டு வயதுக்கு உதவாது, மறுவளமும் அப்படியே. நான்காவது பருவம்: மார்கழியில் கை நீட்டினால் எட்டும் தண்ணீர் ஆவணியில் இருபது முப்பது அடி கீழே போய்விடும். மாரியில் மூழ்கும் ஆபத்து, சோளகக் காலத்தில் விழுந்து முறியும் ஆபத்து. இவற்றுக்குப் பிறகுதான் காசு. அதிலும் போடும் செலவை மட்டுமல்லாமல், பேணும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## கட்டை உயர்த்துவது

பழைய கிணறுகளின் கட்டு பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அடி உயரம். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ மூன்று அடி. அப்படியானால் கட்டு பிள்ளையின் நெஞ்சளவில் நிற்கிறது. சிறுபிள்ளைக்கு உடம்போடு பார்க்கத் தலை பாரம். நெஞ்சைக் கட்டில் வைத்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது கால் நிலத்தைவிட்டு எழும்பினால் பிள்ளையால் திரும்பிவர முடியாது. இந்த உயரத்தில் கட்டு இருப்பதும் இல்லாததும் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உயரத்தை அளக்கும்போது இன்னொரு ஏமாற்று இருக்கிறது. கிணற்றடிச் சீமெந்துத் தளத்தை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பூசுகிறோம். ஒவ்வொரு பூச்சுக்கும் தளம் உயர்கிறது, கட்டு குறைகிறது. கட்டோடு ஒட்டித் துவைக்கிற கல் கிடந்தால் அதன் மேலிருந்துதான் அளக்க வேண்டும். பிள்ளை ஏறக்கூடிய மிக உயர்ந்த பொருளிலிருந்து நான்கு அடி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அளந்தால் நம் வீட்டுக் கிணறுகளில் பாதி தேறாது.

செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவு. வெளிவிட்டம் 8 அடி உள்ள கிணற்றின் சுற்றளவு 25 அடிக்குச் சற்றுக் கூட. 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல்லில் ஒரு வரிக்கு 19 கல் போகும். இரண்டு வரி வைத்தால் 16 அங்குலம் உயரும், 40 கல்லுக்குள் வேலை முடியும். இரண்டரை அடிக் கட்டு அதோடு நாலடிக்குக் கிட்ட வந்துவிடும். வெளிப்பக்கத்தை வழுவழுப்பாகப் பூசச் சொல்லுங்கள், கால் வைக்க ஓட்டை, விளிம்பு இருக்கக்கூடாது. கட்டின் தலையைத் தட்டையாக விடாமல் வெளிப்பக்கம் சரித்துப் பூசினால் வாளி வைக்கவும் முடியாது, ஆள் குந்தியிருக்கவும் முடியாது. மேசன் ‘அழகாய் இராது’ என்பார். இராவிட்டால் போகட்டும்.

மறைந்திருக்கும் செலவு வேறு. கட்டு நாலடி ஆனதும் கையால் கயிறு இழுக்கும் குட்டையான பெண்ணுக்கு வேலை இரட்டிப்பாகிறது. கர்ப்பிணிக்கு இன்னும் சிரமம். மூன்றாம் நாள் அவள் ஒரு கல்லைக் கொண்டுவந்து கட்டோடு போட்டு, அதில் ஏறி நின்று அள்ளத் தொடங்குவாள். அந்தக் கல் பிள்ளைக்குப் படியாகிவிடும். ஆகவே கட்டை உயர்த்துகிறீர்கள் என்றால் கப்பித் தூணையும் அதே வேலையோடு உயர்த்தி, நல்ல கப்பியொன்று போட வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காத கணக்குக் கணக்கல்ல. உள்கட்டு பழையதாக இருந்தால் புதுப் பாரத்தைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். மணற்பாங்கான கரையோரத்தில், கொங்கிறீற்று வளையம் இறக்கிய கிணறானால் முதலில் வளையம் அசைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாளியால் அள்ளும் வீட்டுக்கு, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், என் முதல் தெரிவு இதுதான். ஒருமுறை செய்துவிட்டால் யாரும் எதையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாலடிக் கட்டு ஏறிக் காட்டுவதற்கான சவால் மட்டுமே.

## இரும்பு மூடி

மோட்டார் பூட்டித் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற்றும் வீட்டில் கிணற்றைத் திறக்க வேண்டிய தேவை மாதத்தில் ஒரு நாள் வருமா என்பதே சந்தேகம். அங்கே மூடியைப் போல நல்லது வேறில்லை. குழாய் இறங்கும் வழியை விட்டுவிட்டு மிச்சத்தைப் பூட்டிவிடலாம். கம்பிகளுக்கிடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. அதற்கு மேல் போனால் பிள்ளையின் தலை நுழையும். பாரம் தாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மூடி போட்ட மறுநாளே பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதிப்பார்கள், பெரியவர்கள் உடுப்புக் காயப்போடுவார்கள். பெரியவர் இருவர் ஏறி நின்றாலும் வளையாத கம்பியாக இருக்கட்டும்.

கம்பியின் கீழே நுண்வலை ஒன்றையும் கட்டிவிட்டால் சருகு விழாது, நுளம்பும் முட்டையிடாது. இதை ஏதோ உபரி நன்மை என்று தள்ளிவிட வேண்டாம். இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முறையாக மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குடம்பிகள் கிடைத்தது கிணறுகளில். ஆக, பிள்ளைக்காகப் போடும் மூடியில் இன்னும் கொஞ்சம் காசு போட்டால் காய்ச்சலுக்கும் காவல்.

கையால் அள்ளும் வீட்டில் கதை வேறு. மூடியில் இரண்டடி அகலத்தில் ஒரு கதவு விட வேண்டும். அந்தக் கதவு பாரமானால் ஒவ்வொரு வாளிக்கும் திறந்து மூட யாருக்கும் மனம் வராது. காலையில் திறந்த கதவு இரவில்தான் மூடப்படும். திறந்து கிடக்கும் மூடி, மூடியே இல்லாத கிணற்றைவிட மோசமானது என்று சொல்வேன். மூடி இருக்கிறது என்ற நினைப்பில் வீட்டில் எல்லோரும் கண்ணை எடுத்துவிடுவார்கள். கதவை இலேசாக, கையை விட்டதும் தானாக விழுந்து மூடும் விதமாகப் பிணைச்சல் வைக்கச் சொல்லுங்கள். நிமிர்த்தி வைத்தால் பின்பக்கம் சாய்ந்து நிற்கும் கதவு வேண்டாம்.

பேணும் செலவு துரு. பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம் போல உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ற் அடிக்காவிட்டால் மூடியின் ஆயுள் குறுகிப்போகும். பிணைச்சலும் ஒட்டிய மூட்டுகளும்தான் முதலில் உக்கும். பார்வைக்கு முழுதாக இருக்கும் மூடி ஒரு மூலையில் மட்டும் விட்டுப்போயிருக்கும்.

தகரமும் பழைய பலகையும் பனங்குற்றியும் கொண்டு மூடுவதை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவை கிணற்றை மறைக்குமே தவிர மூடாது. மேலே சருகு படிந்து, பக்கத்தில் புல்லும் முளைத்துவிட்டால் அங்கே கிணறு இருப்பதே தெரியாமல் பிள்ளை அதன் மேல் நடக்கும்.

## சுற்றுவேலியும் படலையும்

வேலியின் பலம், எந்த அளவுக் கிணற்றுக்கும் பொருந்துவது. பதினைந்து, இருபது அடி அகலத் தோட்டக் கிணற்றுக்கு மூடி அடிக்கக் கட்டுப்படியாகாது. கட்டே இல்லாத துரவுக்கு மூடி வைக்க விளிம்பும் கிடையாது. அங்கே வேலிதான் வழி.

வேலி நான்கு பக்கமும் வர வேண்டும். மூன்று பக்கம் வேலியடைத்து, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர்தானே என்று விடுபவர்கள் உண்டு. அந்தச் சுவரில் குசினிக் கதவு இருக்கும். பிள்ளை வருவதே அந்தக் கதவால்தான். வெளிநாடுகளில் வீட்டு நீச்சல் தடாகங்களுக்கான ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: வீட்டையும் தண்ணீரையும் பிரிக்கும் நான்கு பக்க வேலி, வளவை மட்டும் சுற்றிவரும் வேலியைவிடப் பிள்ளைகளைக் கூடுதலாகக் காக்கிறது. உயரம் நான்கு அடி, அடியில் நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, குறுக்குத்தடிகள் வெளிப்பக்கம் வரக்கூடாது. கொளுக்கி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்.

எதனால் அடைப்பது என்பதில் என் எண்ணம் வழக்கத்துக்கு மாறானது. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் மலிவு, ஆனால் கிணற்றுக்கு வேண்டாம். குசினியிலிருந்து பார்க்கும் தாயின் கண்ணை அவை மறைக்கின்றன. பிள்ளை உள்ளே போய்விட்டால் போனதே தெரியாது. உக்கிய ஓலைக்குள் பாம்பும் வந்து கிடக்கும். உள்ளே தெரியும்படியான கம்பிவலைதான் நல்லது. கிளுவை, பூவரசுக் கதியால் நட்டு வலையை அதில் இழுத்துக் கட்டினால் தூணுக்கான செலவு மிஞ்சும். கதியால் வேர்விட்டு இறுகும் வரை ஒரு மாரி பொறுக்க வேண்டும்.

வேலி தோற்கும் இடம் படலை. இரண்டு கையிலும் வாளியோடு வருபவர் படலையை என்ன செய்வார்? முதல் வாரம் முழங்காலால் தள்ளித் திறப்பார். அடுத்த வாரம் ஒரு கயிறு எடுத்துத் தூணோடு திறந்தபடி கட்டிவிடுவார். இதற்கு மருந்து, படலை தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்வது. மேல் பிணைச்சலைச் சற்று உள்ளே தள்ளிச் சரிவாகப் பூட்டலாம், அல்லது கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தூணின் மேலால் தொங்கவிடலாம். படலையைத் திறந்தால் கல் ஏறும், விட்டால் கல் இறங்கிப் படலையை இழுத்துச் சாத்தும். காசில்லாத வேலை.

## கிணற்றை விட்டுக் குழாய்க்கிணறு

வாய் மூடிய குழாய்க்கிணற்றுக்குள் பிள்ளை விழ முடியாது, சரி. ஆனால் தோண்டும் செலவு கிணற்றுக்கட்டைப்போலப் பல மடங்கு. தண்ணீர் எப்படி வரும் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. வவுனியாப் பக்கத்தில் பல இடங்களில் புளோரைட்டும் காவியும் கூட, கடனீரேரி ஓரங்களில் உவர். தண்ணீரைப் பரிசோதிக்காமல் இறங்க வேண்டாம். கைப்பம்பி இல்லாவிட்டால், மின்சாரம் போகும் நாளில் வீட்டில் தண்ணீர் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய கிணறு. கிணற்றைத் தூர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடம் இறுக்கமாக உண்டு. ஆகவே அதைத் தூர்க்கவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். ஆள் புழங்காத கிணற்றடியில் பற்றை மண்டும், கட்டு வெடிக்கும். முன்பு மணிக்கு ஒருவர் போய்வந்த இடத்துக்கு நாள் முழுதும் யாரும் போகமாட்டார்கள். பிள்ளை விழுந்தால் கேட்க ஆளில்லை. குழாய்க்கிணற்றுக்குப் போகும் வீடு, பழைய கிணற்றுக்கு மூடி போடும் காசையும் அதே நாளில் ஒதுக்க வேண்டும்.

## ஆள் பார்ப்பது

“ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா?” போதும், உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தால். சமைத்தபடி, துவைத்தபடி, தொலைபேசியில் கதைத்தபடி பார்ப்பது பார்ப்பதல்ல. தண்ணீரில் விழும் சிறுபிள்ளை கத்திக் கூப்பிடுவதில்லை, சத்தமில்லாமல் அமிழும். நாலைந்து நிமிடம் மூச்சு நின்றால் மூளை பழுதாகத் தொடங்கிவிடும்.

வன்னியில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பெரும்போக விதைப்பு விழுவது புரட்டாதி, ஐப்பசியில். வீட்டில் உள்ள எல்லாக் கைகளும் வயலுக்குப் போகும் அந்த மாதங்களில்தான் கிணறும் குழியும் நிறைகின்றன. போருக்குப் பின் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கூலிவேலைக்குத் தாய் போனால் பிள்ளை அம்மம்மாவிடம் அல்லது ஏழெட்டு வயது அக்காவிடம். அம்மம்மாவால் ஓடிப் பிடிக்க முடியாது. அக்காவுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுப்பதே அநியாயம். ஏதாவது நடந்துவிட்டால் அந்தச் சின்னப்பெண் வாழ்நாள் முழுதும் அதைச் சுமப்பாள்.

வங்காளதேசத்தில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். ‘ஆஞ்சல்’ என்ற கிராமத்துப் பகல் காப்பகங்கள் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 1 மணிவரை, தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் அந்த நேரத்துக்கு மட்டும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கின்றன. அங்கே போகும் பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்தது. நம் ஊர் முன்பள்ளிகள் மூன்று வயதுக்குப் பிறகுதான் எடுக்கின்றன. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் மூன்று நாலு வீடு இருந்தால், விதைப்பு மாதங்களில் முறைவைத்து ஒருத்தி வயலுக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது நடக்கக்கூடிய காரியம். அன்றைய கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் மறைந்த செலவு அதுதான். அதை வெளிப்படையாகப் பேசாவிட்டால் இரண்டாம் கிழமையே குலைந்துவிடும்.

## சொல்லிக்கொடுப்பதும் நீச்சலும்

மாமியாரின் வழி இது. இதை எங்கே வைப்பது என்பதற்கு வன்னிக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் மிதிவெடி பற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் வந்து சொல். பிள்ளைகள் நன்றாகவே கற்றார்கள், தாய் தகப்பனுக்கும் வந்து சொன்னார்கள். ஆனால் பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது என்று யாரும் வெடியை நிலத்தில் விட்டுவைக்கவில்லை. மண்டையோட்டுப் பலகை நட்டு, நாடா கட்டி மறித்து, அங்குலம் அங்குலமாகத் தோண்டி எடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தது, எடுத்து முடிக்கும்வரை பிழைத்திருப்பதற்கு. கிணற்றுக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

மூன்று வயதுப் பிள்ளை ‘கிணற்றடிக்குப் போகக்கூடாது’ என்று பிழையில்லாமல் ஒப்பிக்கும். பந்து அந்தப் பக்கம் உருண்டால் அது பந்தின் பின்னால்தான் ஓடும். ஐந்து வயதுவரை சொல்வதெல்லாம் பழக்கம் ஏற்றுவதற்கு; அதை நம்பிக் கட்டைத் தள்ளிப்போடக்கூடாது.

பயமுறுத்துவது இன்னும் பயனற்றது. கிணற்றுக்குள் பேய் இருக்கிறது என்றால் ஒரு பிள்ளை ஒதுங்கிப்போகும், இன்னொன்று பேயைப் பார்க்கப் போகும். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து கதைத்துக்கொண்டே ‘நீ ஏறாதே’ என்பதும் அப்படித்தான்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான வாக்கியம் வேறொன்று: “கிணற்றுக்குள் எது விழுந்தாலும் விழட்டும், வந்து சொல், அடிக்கமாட்டேன்.” வாளி விழுந்துவிட்டது, தம்பியின் செருப்பு விழுந்துவிட்டது, அம்மா அடிப்பாள் என்ற பயத்தில்தான் பெரிய பிள்ளைகள் எட்டி எடுக்கப் பார்க்கிறார்கள். சொன்னால் மட்டும் போதாது. வாளி உண்மையில் விழும் அன்று அடிக்காமல் இருக்கவும் வேண்டும். அடித்தால் அந்தப் பாடம் அன்றோடு போயிற்று.

நீச்சலைப் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உயிர்காக்கும் நீச்சல் என்று வங்காளதேசத்தில் வைத்திருக்கும் அளவு எளிது: 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 வினாடி மிதக்க வேண்டும். நம் பிள்ளைகள் மாமன்மாருடன் குளத்தில் பழகுகிறார்கள். தவறில்லை, இடம் தெரிந்தவர் கூட நின்றால். துருசடியில் இழுவை, வான் பாயும்போது வெள்ளத்தின் வேகம், தாமரைக்கொடி, இடுப்பளவுச் சேறு, முதலை என்று குளத்துக்குக் குளம் ஆபத்து வேறு. நீச்சல் தெரிந்த பிள்ளையிடம் துணிவும் கூடிவிடும், அதன் மறைந்த செலவு அது. இரணைமடுக் குளத்தில் நீந்துகிற பத்து வயதுப் பையனுக்கும், செங்குத்தான கிணற்றுக்குள் விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது. அதற்காகத்தான் முடிச்சுப் போட்ட கயிறொன்று கிணற்றுக்குள் எப்போதும் தொங்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | பெரியவர் மறந்தால் | அள்ளும் வேலைக்கு | எந்த வயதுக்கு | பேணும் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| கட்டை உயர்த்தல் | காக்கும் | கப்பி இல்லாவிட்டால் சிரமம் | 5 வரை | மிகக் குறைவு | வாளியால் அள்ளும் வீடு |
| இரும்பு மூடி | பூட்டியிருந்தால் காக்கும் | கையால் அள்ளினால் பெரிய இடைஞ்சல் | எல்லா வயதும் | ஆண்டுதோறும் பெயின்ற் | மோட்டார் உள்ள வீடு |
| வேலி, படலை | தானாகச் சாத்தினால் காக்கும் | ஓரளவு இடைஞ்சல் | 5 வரை | வலை, படலை திருத்தம் | தோட்டக் கிணறு, துரவு |
| குழாய்க்கிணறு | காக்கும், பழைய கிணறு மூடியிருந்தால் | வசதி | எல்லா வயதும் | மின்சாரம், பம்பி | கையில் காசும் நல்ல நீரும் உள்ள இடம் |
| ஆள் பார்ப்பது | காக்காது | இல்லை | 1 முதல் 4 | ஒருவரின் நாட்கூலி | விதைப்பு, அறுவடை மாதங்கள் |
| சொல்லிக்கொடுத்தல், நீச்சல் | பெரிய பிள்ளையைக் காக்கலாம் | இல்லை | 6க்கு மேல் | நேரம் | எல்லா வீடும், மற்றொன்றோடு சேர்த்து |

## எந்த வீட்டுக்கு எது

மேசனைக் கூப்பிடுமுன், தண்ணீரை யார், எதனால் அள்ளுகிறார்கள் என்று பாருங்கள். பாதி முடிவு அதிலேயே கிடைக்கும். கயிறும் வாளியுமானால் கட்டும் கப்பியும். மோட்டாரானால் பூட்டு மூடி. இரண்டும் உண்டு, மின்சாரம் போனால் மட்டும் வாளி என்றால் மூடிதான். திறப்பை ஆணியில் உயரத் தொங்கவிட்டால் போதும். வளவில் மலகூடக் குழி, கல் அரிந்த கிடங்கு, கிணறு என்று மூன்றும் கிடந்தால் ஒவ்வொன்றையும் மறிக்க முனைவதைவிட, பிள்ளை விளையாடும் முற்றத்தை வேலியடைத்துப் படலை போடுவது மலிவு.

குடியிருப்பது வேறொருவர் காணியில், கட்டு வேலைக்குக் காசு போட முடியாது என்ற நிலையும் உண்டு. அவர்களும் காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. துவைக்கிற கல்லைக் கட்டிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள். வாளியைக் கவிழ்த்து வைக்காமல் உயரக் கொழுவுங்கள். கவிழ்த்த வாளி ஒரு படி. தண்ணீர் நிறைத்த பீப்பாயையும் பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசினையும் மறக்க வேண்டாம். தவழும் பிள்ளைக்குப் பேசினில் உள்ள சாணளவு தண்ணீரே கிணறு.

விழுந்துவிட்டால் என்ன செய்வதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கயிறோ கொக்கத்தடியோ நீட்டுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். ஆள் புழங்காத கிணற்றிலும், உள்ளே இறக்கி வைத்து இயந்திரம் ஓட்டிய கிணற்றிலும் நச்சுவாயு நிற்கலாம். காப்பாற்ற உள்ளே இறங்கியவரும் அங்கேயே மயங்கிவிடுவார். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டாம், வயிற்றை அமுக்கவும் வேண்டாம். மூச்சில்லாவிட்டால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். இன்னொருவர் 1990க்கு அழைக்கட்டும். அந்த அம்பியூலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது.

உங்கள் கிணற்றைச் சரிசெய்த பிறகும், அடுத்த காணியில் ஆளில்லாமல் கிடக்கும் கிணறு மிச்சமிருக்கும். உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார். அவரது உறவினர் ஒருவரைப் பிடித்துத் தொலைபேசியில் கதையுங்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் ஊர் என்று சொன்னால் மூடி அடிக்கப் பலர் காசே அனுப்புவார்கள். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் கிராம அலுவலரிடம் சொல்லி, பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். கிணறு இருக்கும் இடத்தைத் தெளிவாகக் குறித்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை இலந்தை முள்ளை வெட்டிச் சுற்றிவரப் போட்டு, மேலே சிவப்புத் துணியொன்றும் கட்டிவிடலாம்.